மலையகத்துல க்ரீன் சலூன்: தண்ணி எங்க போகுது, நாற்காலியில யாரு உக்காருறா

இலங்கை மலையகத்துல நுவரெலியா, எல்ல, பண்டாரவளைன்னு டூரிஸ்ட் நடமாடுற எடங்கள்ல "ஆர்கானிக்", "ஈகோ ஃப்ரெண்ட்லி"ன்னு போர்டு மாட்டின சலூன் ஒண்ணு ரெண்டு இப்ப தலைகாட்டுது. உள்ள போனா மூங்கில் தட்டு, மண்சட்டியில செடி, வெளிநாட்டு போத்தல், வெலைப் பட்டியல் இங்கிலீஷ்ல மட்டும். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தலை கழுவின தண்ணி எங்க போகுதுன்னு கேட்டா பதில் சொல்ல ஆளில்ல, பின்பக்கம் ஒரு பைப் போகுது, அது கானுக்குள்ள (சாக்கடைக்குள்ள) எறங்குது, கான் ஓடைக்கு எறங்குது, அவ்ளோதான். கொழுந்து எடுக்குற ஒரு அக்கா ஞாயித்துக்கிழமை அந்தக் கதவத் தொறந்து உள்ள வந்து உக்காருவாங்களான்னு கேட்டா அதுக்கும் பதிலில்ல. ஒரு சலூன் சூழலுக்கு நல்லதா, எல்லாருக்குமானதான்னு பாக்க எனக்கு இந்த ரெண்டு கேள்வி போதும். ரெண்டும் வேற வேற மாதிரி தெரியும், ஆனா மலையகத்துல ரெண்டும் ஒரே ஆளுங்க மேலதான் வந்து விழுது: கதவுக்கு வெளிய நிக்கிறவங்களும், கானுக்குப் பணிய, கீழப் பக்கம் குடியிருக்கிறவங்களும் பெரும்பாலும் ஒரே சனம்.

வெளிநாட்டுல இந்தப் பேச்சு எங்கேருந்து வந்திச்சுன்னு மொதல்ல சொல்லிடுறேன், ரொம்ப நேரம் அங்க நிக்கப் போறதில்ல. கனடாவுல டொரண்டோவுல 2009ல க்ரீன் சர்க்கிள் சலூன்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சலூன் சலூனா போயி வெட்டின முடி, கலர் பூசின ஃபாயில், மிச்சமான டை எல்லாத்தையும் தனித்தனியா சேத்து எடுத்துட்டுப் போற வேலை. ஆஸ்திரேலியாவுல 2015ல சஸ்டெய்னபிள் சலூன்ஸ்னு அதே மாதிரி ஒண்ணு வந்திச்சு. செலவுக்கு கஸ்டமர் பில்லுல ஒரு சின்னத் தொகையச் சேத்துக்குவாங்க. இன்னொரு பக்கம், ஆம்பளைக்கு ஒரு வெலை பொம்பளைக்கு ஒரு வெலைன்னு வாங்குறது சரியில்லன்னு கலிஃபோர்னியாவுல 1995லேயே சட்டம் போட்டாங்க, எடுக்குற நேரம், வேலையோட கஷ்டம் இதுக்குத் தக்கன வெலை மாறலாம், ஆள் ஆணா பெண்ணான்னு பாத்து மாறக்கூடாதுன்னு. டொரண்டோவுலயே 2017ல டிரெஸ் கோட் ப்ராஜெக்ட்னு, திருநர் பயமில்லாம வந்து முடி வெட்டிக்கிற சலூன்களோட ஒரு வலையமைப்பு தொடங்கிச்சு. இதெல்லாம் நல்ல விசயம்தான். ஆனா இதுல பாதி, வாசலுக்கு லொறி வந்து குப்பைய எடுத்துட்டுப் போற ஊருக்குச் செஞ்ச ஏற்பாடு. நம்ம டவுன்ல முனிசிபல் ட்ராக்டர் வந்தாலே பெரிய விசயம், அதுல ஃபாயிலையும் முடியையும் யாரு பிரிக்கிறது.

அதனால நம்ம எடத்துல என்ன இருந்திச்சுன்னு பாக்கணும்.

தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு டோபி, ஒரு பாபர். வெள்ளக்காரன் காலத்துலேருந்து அப்பிடித்தான். தென்னிந்தியாவுலேருந்து தோட்ட வேலைக்கு ஆளுங்களக் கூட்டமா கொண்டாந்தப்ப, ஆள் சேத்த கங்காணியோட கூட்டத்துலயே இந்த ரெண்டு பேரும் வந்துட்டாங்க, பல தோட்டங்கள்ல இவங்களுக்கான காச சம்பளத்துலயே பிடிச்சிடுவாங்க, கோயிலுக்குப் பிடிக்கிற மாதிரி. பாபர் ஞாயித்துக்கிழமை லயத்துப் பக்கம், அதான் தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடுங்க பக்கம், வருவாரு. ஒரு தகரப் பொட்டி, அதுக்குள்ள கத்தி, கத்திரி, கையால அமுக்குற மெசின், ஒரு தோல் வார், ஒரு துண்டு படிகாரம், பித்தளைக் கிண்ணம், ஓரம் ஒடைஞ்ச கண்ணாடி. லயத்து இஸ்தோப்புல (முன் திண்ணையில) இல்லாட்டி கொய்யா மரத்தடியில பலகையப் போட்டு வரிசையா ஆளுங்கள உக்கார வச்சி வெட்டுவாரு. கரண்ட் தேவையில்ல, ஒரு கிண்ணம் தண்ணியில நாலஞ்சு பேருக்கு சவரம் முடிஞ்சிரும், கீறினா படிகாரத்தத் தடவுவாரு, வெட்டின முடியக் கூட்டி கறிவேப்பில மரத்தடியிலயோ தேயிலைக்குள்ளயோ போட்டுடுவாங்க. குப்பைக் கணக்குல பாத்தா இதவிட க்ரீனான சலூன் எந்த நாட்டுலயும் கெடையாது. ஒரே குத்தம், ஒரே கத்திய எல்லாருக்கும் போட்டது, மஞ்சக்காமாலை ரத்தத்துல தொத்தும்னு அப்ப யாரு யோசிச்சா.

ஆனா அந்த மனுசன எப்பிடி நடத்தினாங்க? பத்து வயசுப் பையன் கூட பேர் சொல்லிக் கூப்பிடுவான், "வாய்யா" கூட இல்ல, "வா" தான். அவருக்குத் தனி டம்ளர். சாவு வீட்டுல அவர் செய்ய வேண்டிய வேலைகள் இருந்திச்சு, மாட்டேன்னு சொல்ல முடியாது. எல்லா லயத்துக்கும் ஒரே மாதிரிப் போயி வெட்டவும் இல்லன்னு பெரியவங்க சொல்லுவாங்க, இந்தச் சாதிக்கு வெட்டுவேன் அந்தச் சாதிக்கு வெட்டமாட்டேன்னு அவருக்குள்ளயும் ஒரு படிக்கட்டு இருந்திச்சு, மேல உள்ளவன் அவர மிதிச்சான், அவர் கீழ உள்ளவன மிதிச்சாரு. சாதியச் சொல்லி பொது எடத்துல ஒருத்தரத் தடுக்குறது குத்தம்னு இலங்கையில 1957ல 21ஆம் இலக்கச் சட்டம் வந்திச்சு, இந்தியாவுல 1955 சட்டத்துல கடைன்னா முடிவெட்டுற கடையும் சேத்திதான்னு தனியாவே எழுதி வச்சாங்க, அப்பிடி எழுத வேண்டிய அளவுக்கு நெலமை இருந்திச்சுன்னு அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு 1948 சட்டத்தால குடியுரிமையே பறிபோயிருந்த நேரம் அது, யாரு பொலிசுக்குப் போயி என்ன சட்டத்தக் காட்டுறது.

பொம்பளைங்களுக்கு அதுவும் இல்ல. பாபர் பொம்பளைங்க தலையத் தொடமாட்டாரு, அவங்களுக்குன்னு வேற யாரும் கெடையாது. பீலிக்கரையில, தண்ணி விழுற குழாயடியில, சீயக்காயோ சவுக்காரமோ போட்டுக் குளிக்கிறது, அந்தியில இஸ்தோப்புல வரிசையா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் பேன் பாக்குறது, தேங்காயெண்ணெய் வச்சி இழுத்துக் கட்டுறது, அவ்ளோதான். ஆக பழசு மண்ணுக்கு நல்லதா இருந்திச்சு, மனுசனுக்கு நல்லதா இல்ல. "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு பேசுறவங்க இந்த ரெண்டாவது பாதிய மறந்துட்டுப் பேசுறாங்க.

இப்ப டவுன்ல உள்ள சலூன், பியூட்டி பாளர் எல்லாம் கிட்டத்தட்ட தலைகீழ். யாரு வேணும்னாலும் காசக் குடுத்து உக்காரலாம், வெட்டுறவர் என்ன ஆளுன்னு யாரும் கேக்குறதில்ல (கல்யாணம் பேசுறப்ப கேப்பாங்க, அது வேற கதை), பொம்பளைப் பிள்ளைங்க பாளர் வேலை படிச்சி என்விகியூன்னு தொழிற்தகைமைச் சேர்ட்டிஃபிகேட் எடுத்து சொந்தமா கடை போடுறாங்க. நம்ம பக்கத்துப் பையன்கள் எத்தன பேர் கொழும்புல வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சலூன்ல நின்னு வேலை பழகி வந்து ஊர்ல கடை போட்டிருக்காங்க. ஆனா கூடவே ஒரு கெமிக்கல் கட பூராவும் வந்து எறங்கிருச்சு.

அது என்னன்னு கொஞ்சம் பொறுமையா பாப்போம், ஏன்னா இதப் போட்டுக்கிறவங்களுக்கும் தெரியாது, போட்டுவிடுற பிள்ளைங்களுக்கும் பாதிதான் தெரியும்.

முடிக்குக் கலர் போடுறதுன்னா மேல பூசுறது இல்ல. முடியோட வெளித்தோல அமோனியா மாதிரி ஒரு காரத்தப் போட்டு திறக்கணும், ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள போயி பழைய நிறத்த வெளுக்கணும், அதே நேரம் பிபிடின்னு சுருக்கமா சொல்ற பாராஃபினிலீன்டையமின் உள்ள போயி பெராக்சைடோட சேந்து பெரிய மூலக்கூறா மாறி வெளிய வரமுடியாம மாட்டிக்கணும். கறுப்பு டைன்னா பெரும்பாலும் இந்த பிபிடிதான். சில பேருக்கு இது ஒத்துக்காது, மொத தடவ ஒண்ணும் ஆகாது, ரெண்டாவது மூணாவது தடவ மொகமெல்லாம் வீங்கி கண்ணு மூடிக்கும், அதுக்குத்தான் 48 மணித்தியாலத்துக்கு முன்னாடி காதுக்குப் பின்னாலயோ முழங்கை மடிப்புலயோ கொஞ்சம் தடவிப் பாக்கச் சொல்றது. ஐரோப்பாவுல தலையில படுற நேரத்துல பிபிடி 2 சதவீதத்தத் தாண்டக்கூடாது. "அமோனியா ஃப்ரீ"ன்னு பொட்டியில போட்டிருந்தா பிபிடி இல்லன்னு அர்த்தமில்ல, அமோனியாவுக்குப் பதிலா மோனோஎத்தனோலமீன்னு வேற ஒரு காரம் இருக்கும், மூக்குல ஏறாது, அவ்ளோதான் வித்தியாசம். மூக்குல ஏறாததால நல்லதுன்னு நாம நெனச்சிக்கிறோம். ப்ளீச் தூள்ல இருக்கிற பெர்சல்ஃபேட்டால சலூன் வேலைக்காரங்களுக்கு ஆஸ்துமா வர்றது மருத்துவத்துல ரொம்ப நாளாத் தெரிஞ்ச விசயம்.

இதுல மோசமானது இந்த நேராக்குற வேலை, கெரட்டின் ட்ரீட்மென்ட்னு சொல்றது. அந்தத் திரவம் பலதுல ஃபார்மால்டிஹைடு இருக்கு, இல்லாட்டி சூடு பட்டா ஃபார்மால்டிஹைட விடுற சாமான் இருக்கு. 200 பாகைக்கு மேல சூடான அயனால முடிய இழுக்குறப்ப அது ஆவியாகி மேல வருது. பிணம் கெடாம இருக்க ஆஸ்பத்திரியில போடுற ஃபார்மலின் இருக்கே, அதே சாமான்தான். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகாமை 2004ல இத மனுசனுக்குப் புற்றுநோய் குடுக்குற முதலாம் வகையில போட்டுச்சு. அதே முகாமை முடிதிருத்துறவங்களா வேலை செய்றதையே "அநேகமா புற்றுநோய் உண்டாக்கும்"ங்கிற வகையில வச்சிருக்கு, 2010ல வந்த அவங்க தொகுதியிலயும் அப்பிடித்தான். கஸ்டமர் வருசத்துக்கு ரெண்டு தடவ சுவாசிக்கிறத அந்தப் பிள்ளை நாளெல்லாம் சுவாசிக்குது. ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலா கிளையாக்சிலிக் அமிலம் போட்டு வர்ற கிரீமும் யோக்கியம் இல்ல, அதால சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு பொண்ணப் பத்தி 2024ல பெரிய மருத்துவ சஞ்சிகையிலயே வந்திச்சு.

இங்கதான் நம்ம ஊர் காலநிலை வந்து சேருது. கொழும்புல ஃபேன் போடுவாங்க, கதவு தொறந்து கெடக்கும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீட்டர் உயரம், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன் ஜூலையில மழையும் மூடுபனியும், யாரு ஜன்னலத் தொறந்து வைப்பா? பத்தடிக்குப் பத்தடி கடை, கண்ணாடிக் கதவ இழுத்துச் சாத்தியாச்சு, உள்ள ரெண்டு பேருக்கு கெரட்டின் ஓடுது. புகை கண்ணுல தண்ணி வரவைக்கும், பிள்ளை துப்பட்டாவால மூக்கப் பொத்திக்கிட்டு அயன் இழுக்கும், முதலாளியம்மா "கொஞ்ச நேரத்துல சரியாகிரும்"னுவாங்க. எனக்குத் தெரிஞ்ச க்ரீன் சலூன் பேச்சு எதுலயும் எக்ஸாஸ்ட் ஃபேன் பத்தி வரல்ல, மூங்கில் சீப்பு பத்தி வருது. மலையகத்துல மொத வேலை அந்த ஃபேன்தான், ஜன்னலுக்கு மேல ஓட்டை போட்டு வெளிய தள்ளுற சாதாரண குசினி ஃபேன். முடிஞ்சா ஃபார்மால்டிஹைடு சாமானக் கடைக்குள்ளயே எடுக்காம விடணும், ஆனா பாதி வருமானம் அதுலதான்னு சொல்றவங்ககிட்ட ஒரேயடியா நிப்பாட்டுன்னு சொல்லி வேலையில்ல.

இயற்கைன்னா எல்லாம் சரியான்னா அதுவும் இல்ல. மருதாணி நல்ல சாமான், ஆனா அது செம்பட்டையாத்தான் பிடிக்கும், கறுப்பு வேணும்னா மருதாணிக்கு மேல அவுரி போடணும், ரெண்டும் சேந்து சில மணித்தியாலம் ஆகும். "கறுப்பு மருதாணி, முப்பது நிமிசத்துல"ன்னு ஒரு பக்கெட் வந்தா அதுக்குள்ள பிபிடி இருக்க நெறைய வாய்ப்பு, பல நாட்டுல அப்பிடிப் பிடிச்சிருக்காங்க. இந்த "ஆர்கானிக்" லேபிளும் கிட்டத்தட்ட அதே கதைதான், கப்பல்ல வந்த ஐயாயிரம் ரூபா போத்தல்ல பத்துச் சாமான்ல ரெண்டு ஆர்கானிக்கா இருந்தாலும் முன்பக்கம் எல போட்டுடுவாங்க. நம்ம தோட்டத்துல அவகாடோ கீழ விழுந்து அழுகிக் கெடக்கு, செம்பருத்தி வேலியோரம் பூக்குது, வெந்தயம் கடையில இருக்கு. கண்டிஷனருக்கு இதெல்லாம் தாராளமா போதும், சலூன்கள் இதச் செய்யாம விடுறதுக்குக் காரணம் சோம்பல் இல்ல, அரைச்சா அன்னைக்கே கெட்டுப்போகும், போத்தல்னா அலமாரியில இருக்கும்.

இப்ப தண்ணிக்கு வருவோம்.

மஸ்கெலியாவுல ஒரு சலூன் சிங்க்லேருந்து எறங்குறது மஸ்கெலி ஓயா பக்கம் போகும், மவுசாக்கலை அணைய அதுலதான் கட்டியிருக்கு. நோர்வூட், பொகவந்தலாவைன்னா கெஹெல்கமு ஓயா, அது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள்ள. ரெண்டும் பணிய போயிச் சேந்து களனி கங்கை ஆகுது, அம்பத்தலையில அந்தத் தண்ணிய எடுத்துத்தான் சுத்தப்படுத்தி கொழும்புக்குக் குடிக்கக் குடுக்குறாங்க. நுவரெலியாவுல விட்டா நானுஓயா, அங்கேருந்து கொத்மலை ஓயா, மகாவலி, கண்டி டவுன் குடிக்கிறது அது. ஆக நம்ம மேட்டு ஊருங்க எல்லாம் நாட்டோட தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல குடியிருக்கு. கங்கை பெருசு, சலூன் சின்னது, கொழும்புக்காரங்களுக்கு எதுவும் ஆகிறாதுன்னு வச்சிக்கிட்டாலும், டவுனுக்குக் கீழ் வளைவுல உள்ள லயங்களுக்கு அந்த ஓடை இன்னும் ஓடையா இருக்கு, அங்கதான் துணி துவைக்கிறது, பிள்ளைங்க குளிக்கிறது. பிபிடி நீர்வாழ் உயிருக்குக் கடும் நஞ்சு. கிண்ணத்துல மிச்சமான டைய அப்பிடியே சிங்க்ல ஊத்துறதுதான் எல்லாக் கடையிலயும் பழக்கம், ட்யூப் முழுசையும் பிழிஞ்சி கலக்கிட்டு பாதிய ஊத்துறது, ஒரு சின்னத் தராசு வச்சி அளந்து கலக்கினா டையும் மிச்சம் காசும் மிச்சம். இதுக்கு எந்த வெளிநாட்டுத் திட்டமும் வேணாம்.

ஷாம்பு சேஷேவும் இதுலதான் வருது. 20 மில்லிலீற்றர் அல்லது அதுக்குக் கொறைஞ்ச சேஷேக்கள, சாப்பாடு மருந்து தவிர, இலங்கையில 2021 மார்ச் 31லேருந்து தடை செஞ்சாங்க. அதுக்குப் பொறகு ஆறு மில்லி சேஷே நாலை ஒண்ணா ஒட்ட வச்சி, கூட்டினா 24தானேன்னு வித்த கூத்தும் நடந்திச்சு. லயத்துல சேஷே வாங்குறது குப்பை போடுற ஆசையில இல்ல, கையில அன்னைக்கு இருக்கிறது அவ்ளோதான். சலூன்காரங்க அஞ்சு லீற்றர் கேன் வாங்கி, அக்கம்பக்கத்து ஆளுங்க காலிப் போத்தலக் கொண்டாந்தா இருபது ரூபாய்க்கும் ஊத்திக் குடுத்தா சேஷேவும் கொறையும், கடைக்கு வர்ற ஆளும் கூடும். கரண்ட் கதையச் சுருக்கமா சொல்றேன்: 2000 வாட் டிரையர் கால் மணித்தியாலம் ஓடினா அரை யூனிட். லக்ஷபான நீர்மின் நிலையத்துல 1950லேருந்து கரண்ட் எடுக்குறாங்க, அந்த மலையிலயே லயத்துக்கு ரொம்பக் காலம் கழிச்சித்தான் வெளிச்சம் வந்திச்சு, அதையும் சொல்லி வைக்கிறேன். டிரையர விட நமக்குப் பெரிய தொல்ல துவாய், மழைக்காலத்துல ஒரு துவாய் காய மூணு நாள், அதனால எல்லாரும் ஒரு தடவ போட்டு வீசுற டிஷ்யூக்குப் போயிட்டாங்க. அடுப்புக்கு மேல கொடி கட்டிக் காயவைக்கிற பழைய வழிதான் எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி.

முடிக்கு வந்தா நமக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருக்கு. முடியில நைட்ரஜன் கிட்டத்தட்ட 15 சதவீதம், பச்ச மாட்டுச் சாணத்துல ஒரு சதவீதம் கூட இல்ல. 2021 மே மாசம் ரசாயன உரத்த ஒரே ராவுல நிப்பாட்டி, நவம்பர்ல திரும்ப விட்ட கூத்துல மரக்கறித் தோட்டக்காரங்க பட்ட பாட்டப் பாத்தவங்களுக்கு இந்தக் கணக்கு வெளங்கும், லீக்ஸும் கேரட்டும் நைட்ரஜன் இல்லாம வெளிறிப்போயி நின்னிச்சு, அதே நேரம் ஒவ்வொரு சலூனும் மூட்ட மூட்டயா நைட்ரஜனக் குப்பையில போட்டுக்கிட்டிருந்திச்சு. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்துல 2008ல முடிய உரமாப் போட்டு லெட்டிஸ் வளத்துப் பாத்தாங்க, நல்லா வருது, ஆனா முடி மக்க நாளாகும், அதனால வேற உரத்தோட சேத்துத்தான் போடணும்னு சொன்னாங்க. நம்ம குளிருக்கு இன்னும் மெதுவா மக்கும். சாணத்தோட, கோழி எருவோட அடுக்கடுக்காப் போட்டு வருசக் கணக்குல விட்டுட்டு எடுத்தா சரி. டை போட்ட முடிய இதுல சேக்கக் கூடாது, அதத் தனியாப் பிரிக்கிற ஒரு பழக்கம்தான் கஷ்டம், வாளி ரெண்டு வைக்கணும். பன்னித் தொல்ல உள்ள எடத்துல வேலியோரமா முடியத் தூவி விடுறதும் இருக்கு, பன்னி மோந்துக்கிட்டே வரும், முடி மூக்குல ஏறினா திரும்பிரும். அடைமழையில மண்ணோட ஒட்டிக்கிட்டா வேலைக்காகாது, திரும்பத் தூவணும்.

இன்னொண்ணு எண்ணெய். 1989ல அலாஸ்காவுல எக்சான் வால்டீஸ் கப்பல் எண்ணெய கொட்டினப்ப, டீவியில நீர்நாயோட ரோமத்துல எண்ணெய் ஒட்டிக் கெடந்ததப் பாத்துட்டு அலபாமாவுல ஃபில் மெக்ரோரின்னு ஒரு முடிதிருத்துறவர், அப்ப மனுச முடியும் எண்ணெயப் பிடிக்கணுமேன்னு வீட்டுலயே சோதிச்சுப் பாத்தாரு, பிடிச்சிச்சு. அதுலேருந்துதான் முடியால பாய் செய்ற வேலை வளந்திச்சு. மொரீஷியஸ்ல 2020ல வக்காஷியோ கப்பல் எண்ணெய் விட்டப்ப சனங்க தலைமுடிய வெட்டிக் குடுத்து, கரும்புத் தோகையோட சேத்து மெத்த கட்டி கடல்ல போட்டாங்க. நமக்குக் கடல் இல்ல, ஆனா எந்த டவுன்லயும் சலூனுக்கு நாலு கட தள்ளி ஒரு கராஜ் இருக்கும், பஸ்ஸும் த்ரீவீலும் எண்ணெய் மாத்துற எடம், கழுவின தண்ணி வானவில் நிறத்துல கானுக்குப் போகும். முடிய ஒரு பழைய சாக்குல அடைச்சி அந்தக் கான் வாயில வச்சா எண்ணெயில ஒரு பங்காவது நிக்கும். பொறகு அந்தச் சாக்க எங்க போடுறதுன்னு கேப்பீங்க, நியாயம்தான், எண்ணெய் ஊறின முடி உரத்துக்கு ஆகாது, ஆனா ஓடைக்குள்ள பரவிப் போறத விட ஒரு எடத்துல கட்டி நிக்கிறது மேல்.

சரி, நாற்காலியில யாரு உக்காருறா.

கொழுந்து எடுக்குற பொம்பளைங்க தலைய யாராவது உத்துப் பாத்திருக்கீங்களா? கூடைக் கயிறு உச்சந்தலைக்கும் நெத்திக்கும் நடுவுல வருசக்கணக்கா இழுத்து, அந்த எடத்துல முடி தேஞ்சி தோல் மினுங்கும், அவங்க அத முக்காடால மறைச்சிருவாங்க. சாக்குப் பை வந்த பொறகும் கயிறு தலையிலதான். அதுக்கு என்ன செய்யலாம், எப்பிடி வெட்டினா மறையும், எப்பிடிக் கட்டினா இழுவ கொறையும்னு எந்த பாளர் பயிற்சியிலயும் சொல்லித்தர்றத நான் கேட்டதில்ல. அங்க மணப்பொண்ணு அலங்காரம் இருக்கு, ஹைலைட்ஸ் இருக்கு. மலையகத்துல ஆயிரக்கணக்கான தலையில இருக்கிற பிரச்சினை பாடத்துல இல்ல.

அவங்க வர முடியுற நாள் ஞாயிறு. பாளர் பலது ஞாயிறு மூடியிருக்கும், இல்லாட்டி கல்யாண புக்கிங்ல நெறைஞ்சிருக்கும். சம்பளம் வர்ற பத்தாந் தேதிய ஒட்டின நாளும் தீபாவளி அட்வான்ஸ் கெடைக்கிற வாரமும்தான் கை நெறைய வர்ற நேரம். 2024 செப்டம்பர்ல அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆச்சு, அதுலயும் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, விழணும், ஒரு வெட்டுக்கு முழு நாள் சம்பளத்தக் கேட்டா யாரு வருவா. ஆம்பளைக்கு இவ்வளவு பொம்பளைக்கு இவ்வளவுன்னு போடாம, பத்து நிமிச வேலைக்கு இவ்வளவு அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவுன்னு போட்டா, நுனி மட்டும் வெட்ட வந்த அக்காவுக்கு முந்நூறு நானூறுல முடிஞ்சிரும், கிராப் வச்ச பொண்ணும் ஆம்பளை குடுக்குறத விட மூணு மடங்கு குடுக்க வேண்டியதில்ல. அந்தப் பட்டியல் தமிழ்லயும் சிங்களத்துலயும் வெளிய ஒட்டியிருக்கணும். உள்ள போயி கேட்டுட்டுத் திரும்பி வர்ற வெக்கம் இருக்கே, அதுக்குப் பயந்தே பாதிப் பேர் படியேற மாட்டாங்க.

படின்னதும் ஞாபகம் வருது. மலை டவுன்ல கட எல்லாம் சரிவுல, கீழ்க் கடைக்கு வாடக கூட, அதனால சலூன் ரெண்டாம் மாடியில செங்குத்துப் படியில. பொதுக் கட்டடங்கள்ல மாற்றுத்திறனாளிங்க போய்வர வசதி வேணும்னு 2006ல ஒழுங்குவிதி போட்டாச்சு, நம்ம பழைய கட்டடத்துல யாரு மதிக்கிறா. வீல்செயாரத் தூக்க முடியாதுன்னா, வாரத்துல ஒரு நாள் கத்திரியையும் சீப்பையும் எடுத்துக்கிட்டு இவங்க கீழ எறங்கலாம், லயத்துக்கே போகலாம். பழைய பாபர் செஞ்ச அதே வேலை, இந்தத் தடவ கூலிக்கும் மரியாதைக்கும். முக்காடு போடுற முஸ்லிம் பொம்பளைங்களுக்கு ஒரு திரைச்சீலையும் உள்பக்கம் தாப்பா போட்ட ஒரு மூலையும் போதும், பண்டாரவளை, பதுளைப் பக்கம் சில பாளர்ல இத அழகாச் செய்றாங்க. சத்தம் தாங்காத பிள்ளைங்களுக்கு மெசின விட்டுட்டு கத்திரியால, ஆள் இல்லாத காலை நேரத்துல வெட்டலாம்.

திருநங்கைங்க விசயம் இன்னும் சிக்கல். ஆம்பளை சலூன்ல போனா கேலி, பாளர்ல போனா "ஜென்ட்ஸ் இல்ல"ன்னுருவாங்க. இத்தனைக்கும் மேக்கப், முடி அலங்கார வேலையில திறமைக்காரங்க எத்தனையோ பேர் அவங்கள்ல இருக்காங்க. பாலின அடையாளத்த மாத்திக்கிறதுக்கான சான்றிதழ் முறை 2016லேருந்து இலங்கையில இருக்கு, ஆனா ரோட்டுல நிக்கிற திருநங்கைய பிடிக்க பொலிசுக்கு 1841ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டமும் கையில இருக்கு. ஒரே பாலின உறவக் குத்தமாக்குற 1883 தண்டனைச் சட்டக் கோவையோட 365, 365ஏ பிரிவுகள மாத்துற மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லன்னு 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. சட்டம் அதன் வேகத்துல போகட்டும், சலூன்காரங்க "என்ன மாதிரி வெட்டணும்"னு மட்டும் கேட்டா போதும், "நீ யாரு"ன்னு கேக்கத் தேவையில்ல. சின்ன டவுன்ல இதுக்குத் துணிச்சல் வேணும், மத்த கஸ்டமர் கொறைவாங்களோன்னு பயம் இருக்கும், அந்தப் பயம் பொய்யுன்னு நான் சொல்லமாட்டேன்.

இதெல்லாம் சலூன்காரங்களோட நல்ல மனசுல மட்டும் நடக்காது. வியாபார அனுமதிப்பத்திரம் குடுக்குறது பிரதேச சபையோ நகர சபையோ மாநகர சபையோதான், பொது சுகாதாரப் பரிசோதகரான பீஎச்ஐ ஐயா வந்து பாக்குறாரு, ஒரு ஆளுக்கு ஒரு ப்ளேடா, டெட்டால் இருக்கான்னு கேக்குறாரு, கழிவுத்தண்ணிய யாரும் கேக்குறதில்ல. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தோட 33ஆம் பிரிவால பிரதேச சபைங்க தோட்டக் குடியிருப்புக்கு ஒரு சதம் செலவழிக்க முடியாம முப்பது வருசம் கெடந்திச்சு, 2018லதான் திருத்தினாங்க, அதே வருசம் நுவரெலியா, அம்பகமுவ சபைகளப் பிரிச்சி ஆறாக்கி மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கெல்லாம் தனிச் சபை வந்திச்சு. இந்த ஊருங்கள்ல இப்ப டவுன் கானும் லயத்துக் கானும் ஒரே சபை கையில. லைசன்ஸ் புதுப்பிக்கிறப்ப எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு, சிங்க்குக் கீழ முடி வடிக்கிற வலை ஒண்ணு, டை கலக்குற தராசு ஒண்ணு, வெளிய வெலைப் பட்டியல் ஒண்ணுன்னு நாலு வரி சேத்தா சபைக்குச் செலவில்ல. வலைக்குப் பெரிய சாமான் தேவையில்ல, ஹார்ட்வேர் கடையில விக்கிற கொசுவலைக் கம்பித்துண்டு போதும், ஆனா அத வாரத்துக்கு ரெண்டு தடவ கழட்டிக் கழுவணும், கழுவாட்டி சிங்க் அடைச்சி தண்ணி தரைக்கு வரும், வந்திச்சுன்னா மூணாம் நாளே முதலாளி அதப் பிடுங்கித் தூர வீசிருவாரு, அதனால கழுவுற பிள்ளைக்கு ஒரு சோடி ரப்பர் க்ளவுசையும் அந்த லைசன்ஸ் தாள்லயே எழுதிடணும்.